கோட்டை வாசலில் மாட்டிக்கொண்ட பியானோ

பலியோலிமனி என்ற கிரேக்கக் கடலோர நகரத்துக்கு ஒரு செவ்விசை விழா வேண்டும் என்று அரெத்தி மூன்று மேயர்களிடம் கேட்டாள். முதலாமவர், கார் நிறுத்தவே இடமில்லாத ஊரில் கச்சேரிக்கு எங்கே போவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டாமவர் செவ்விசை என்றால் கோயில் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பிஷப்பைப் போய்ப் பார்க்கச் சொன்னார். மூன்றாவதாக வந்த பந்தெலிஸ், அவள் வாயைத் திறந்த உடனே சரி என்றார். அதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை. வளைகுடாவின் எதிர்க்கரை ஊர்க்காரர்கள் போன கோடையில் ஜாஸ் விழா நடத்தியிருந்தார்கள். அந்த ஊர் மேயர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் வந்துவிட்டார். பந்தெலிஸ் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

"நம்ம ஊரு அவங்க ஊரைவிடப் பழசு டீச்சர்" என்றார். "வெனிஸ்காரன் கட்டின கோட்டை நம்மகிட்ட இருக்கு. அவங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு பஸ் ஸ்டாண்டு. கச்சேரியைக் கோட்டைக்குள்ளதான் வைக்கிறோம். ஆமா, யாரு பாடுறாங்க?"

"யாரும் பாடமாட்டாங்க. பியானோ மட்டும்தான்."

"பாட்டே இல்லாமயா? ரெண்டு மணி நேரம் சும்மா தட்டிக்கிட்டே இருப்பாரா?" என்றார் மேயர். "பரவாயில்ல. நடுநடுவுல நான் பேசிக்கிறேன்."

அரெத்தி நகராட்சி இசைப் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுப்பவள். இளம் வயதில் வியன்னாவில் படித்தவள். கச்சேரி என்றால் அவள் மனதில் இருந்தது அந்த ஊர் அரங்கம்தான். மக்கள் நல்ல உடை உடுத்தி வருவார்கள், மூச்சு விடுவதைக்கூட அடக்கிக்கொள்வார்கள், இருமல் வந்தால் ஒரு பகுதி முடியும்வரை தொண்டைக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். அப்படி ஒரு மாலை தன் ஊரிலும் நடக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. பலியோலிமனிக்காரர்கள் சவ அடக்கம் நடக்கும்போதே தக்காளி விலை பேசுகிறவர்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வாசிக்க வரவிருந்தவன் லியாண்ட்ரோஸ். ஏதென்ஸில் பிறந்து ஹாம்பர்கில் வாழ்பவன், பெயர் பெற்றவன். எங்கோ ஒரு கச்சேரியில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தார்கள் என்று பாதியில் எழுந்து போய்விட்டானாம். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அரெத்திக்கு அவனை நினைத்தாலே பயம்.

பியானோவை ஏதென்ஸ் ஆட்களை வைத்துத்தான் ஏற்ற வேண்டும், காலைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மேயர் கேட்கவில்லை. அவர் மனைவியின் தம்பி திமியோஸ் லாரி வைத்திருந்தான். குளிர்காலத்தில் ஆரஞ்சு, கோடையில் தர்ப்பூசணி.

"டீச்சர், ஆலிவ் ஆட்டுற கல்லையே மலை உச்சிக்கு ஏத்தினவன் நான்" என்றான் திமியோஸ். "இது என்ன பெரிய விஷயம்? கால் முளைச்ச மேஜை."

விழா நாளன்று காலையிலேயே வந்திருக்க வேண்டிய பியானோ மாலையில்தான் வந்தது. சந்தையில் தர்ப்பூசணி இறக்க நேரமாகிவிட்டதாம். அதற்குள் பெரிய மனிதர்கள் எல்லோரும் கோட்டை முற்றத்துக்குள் போயிருந்தார்கள். மேயர், நாடாளுமன்ற உறுப்பினர், பிஷப், கடலோரக் காவல் அதிகாரி, தொலைக்காட்சிக்காரர்கள், கூடவே லியாண்ட்ரோஸ். உள்ளே வைனும் சீஸ் அடையும் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர் மக்கள் வெளியே சரிவில் காத்திருந்தார்கள். பியானோ உள்ளே போன பிறகு அவர்களை விடுவதாக ஏற்பாடு.

திமியோஸும் அவனுடைய ஆட்களும் பியானோவை நிற்கிற நிலையிலேயே, வால்போல் குறுகும் பக்கம் முன்னால் இருக்கும்படி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"காலைக் கழட்டுங்கன்னு சொன்னேனே!" என்று அரெத்தி கத்தினாள்.

"நேரமில்ல டீச்சர். அளந்துட்டேன். போயிடும்."

கோட்டை வாசல் ஒரு நீண்ட கல் வளைவு. முகப்பில் அகலம், நடுவில் குறுகல். திமியோஸ் அளந்தது முகப்பை. வால் போனது, வயிறு போனது, கட்டைகள் இருக்கும் அகலமான தோள் போகவில்லை. ஒரு முறை மூச்சைப் பிடித்து உந்தினார்கள். மரம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. அத்தோடு நின்றுவிட்டது. தரை உள்நோக்கிச் சரிந்திருந்ததால் பின்னாலும் இழுக்க முடியவில்லை. கோட்டைக்கு வேறு வழியும் கிடையாது. ஒரு பக்கம் செங்குத்தாகக் கடல். பின்வாசல் இடிந்து, கம்பி போட்டு அடைத்திருந்தது.

திமியோஸ் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். அவன் முன்னால் யூலியா வந்து நின்றாள். தொல்லியல் அதிகாரி. ஒல்லியான பெண்மணி, குரல் மட்டும் கனம்.

"கல்லு மேல அது பட்டுச்சு, நீ ஜெயில்ல."

"ஐந்நூறு வருஷமா நிக்குதுல்ல மேடம், ஒரு தட்டுத் தட்டினா ஒண்ணும் ஆகாது."

"உன் தலையில ஒரு தட்டுத் தட்டிப் பாக்கலாமா?"

திமியோஸ் கடப்பாரையைக் கீழே வைத்தான்.

கூட்டத்துக்கு விஷயம் பரவியது. "மேயர் உள்ள மாட்டிக்கிட்டாரா? அப்படியே இருக்கட்டும், எடுக்காதீங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கைதட்டல் எழுந்தது. விழாவின் முதல் கைதட்டல் அதுதான்.

பியானோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பந்தெலிஸின் வழுக்கைத் தலை தெரிந்தது. "டீச்சர்! நேரமாகுது. நான் பேச ஆரம்பிக்கிறேன்."

"யார்கிட்ட பேசப் போறீங்க? ஜனங்க எல்லாம் இங்க இருக்காங்க."

"டிவி இங்கதான இருக்கு!"

ஒலிபெருக்கி கரகரத்தது. மாண்புமிகு, மதிப்பிற்குரிய, வணக்கத்திற்குரிய என்று மேயர் உள்ளே இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்கத் தொடங்கினார். பெயர் சொல்லப்பட்டவர்கள் எழுந்து மேயரைப் பதிலுக்கு வரவேற்றார்கள்.

அரெத்தி கல் திண்டில் உட்கார்ந்தாள். இத்தனை வருட ஆசை தர்ப்பூசணி லாரியில் வந்து கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. அழுகை வந்தது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நாளை வேலையையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் எழுந்தாள்.

அப்போது பியானோவுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "மேடம், இந்தப் பக்கம் ஆள் வர இடம் இருக்கா?"

குனிந்து பார்த்தாள். பியானோவின் பெடல்களுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, லியாண்ட்ரோஸின் முகம்.

"ஐயோ, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"உள்ள மூணாவது பேச்சு ஓடுது. அடுத்தது பிஷப். கையில தடியா ஒரு காகிதக் கட்டு வச்சிருக்கார், என் கண்ணால பாத்தேன். தயவுசெஞ்சு என்னை இழுங்க."

அரெத்தி ஒரு கையையும் திமியோஸ் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். கோட்டின் வால் எதிலோ மாட்டி டர்ரென்று கிழிந்தது. "பயப்படாதீங்க சார், எங்க ஆடு குட்டி போடுறப்பவும் தலைதான் மொதல்ல வரும்" என்று திமியோஸ் தைரியம் சொன்னான். லியாண்ட்ரோஸ் முழுதாக வெளியே வந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பியானோவைச் சுற்றிப் பார்த்தான். கட்டைகள் முழுவதும் வெளிப்பக்கம் இருந்தன.

"வாசிக்கலாமே" என்றான்.

"இங்கயா? இவங்க பேசுவாங்க, சூரியகாந்தி விதை கொறிப்பாங்க. நீங்க மிட்டாய்த் தாள் சத்தத்துக்கே எழுந்து போனவர்னு..."

"அந்தக் கதை இங்கயும் வந்துடுச்சா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், அன்னைக்கு எனக்கு வயித்துப்போக்கு. அதை எப்படி வெளியில சொல்றது? மிட்டாய்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஊரே என்னைப் பெரிய மேதைன்னு பேச ஆரம்பிச்சுடுச்சு."

பல மாதமாக அரெத்தியைப் பிடித்திருந்த பயம் அந்த இடத்தில் விட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே பிஷப்புக்கு முன்பாக மேயரே மறுபடியும் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினார். ஒலிபெருக்கிக்கான மின்கம்பி வெளியே நின்ற வேனிலிருந்து பியானோவுக்கு அடியில்தான் போயிற்று.

"திமியோஸ், அதைப் பிடுங்கு."

"ஐயோ டீச்சர், அத்தான் என்னை உயிரோட விடமாட்டாரு."

அரெத்தி தானே போனாள். வியன்னாவில் படித்த விரல்களால் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒரு சொல்லின் நடுவில் பேச்சு அறுந்தது. சரிவு முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது.

திமியோஸ் இரண்டு பழப் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே தன் சட்டையைக் கழற்றி மடித்துப் போட்டான். லியாண்ட்ரோஸ் அதில் உட்கார்ந்தான். பியானோவின் மூடியைத் திமியோஸின் ஆள் ஒருவன் தோளால் தாங்கிக்கொண்டான்.

முதல் சுரம் எழுந்ததும் அந்தக் கல் வளைவு அதை வாங்கி, உருண்டையாக்கி, சரிவு முழுவதும் உருட்டிவிட்டது. கீழே துறைமுகத்துக் கடையில் காபி கொண்டுபோன பணியாளர் நின்றுவிட்டார். மக்கள் சாலையிலும், மோட்டார் சைக்கிள் இருக்கையிலும், லாரி மேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. ஒருத்தி தன் தங்கைக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தாள்: "ஆமாடி, மாட்டிக்கிச்சு. ஆமா, மேயரும் உள்ளதான்." அரெத்தி பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் லியாண்ட்ரோஸின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு எதையும் பொருட்படுத்தவில்லை.

மெதுவான பகுதி வந்தது. ஏறவும் தெரியாமல், இறங்கவும் மனமில்லாமல் ஒரு மெட்டு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் நடுவில்தான் அரெத்தி கவனித்தாள். விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. போனில் பேசியவள் போனைத் தன் காதில் வைக்காமல் பியானோ பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். யாரும் யாரையும் அடக்கவில்லை. மூடியைத் தாங்கியவனுக்குத் தோள் நடுங்கியது. ஆனால் அவன் ஆள் மாற்றச் சொல்லவில்லை.

அந்தப் பகுதி முடிந்ததும் பியானோவுக்கு அடியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர் தவழ்ந்து வந்தார். உள்ளே சரியாகக் கேட்கவில்லையாம். அவருக்குப் பின்னால் கேமராவும், கேமராவுக்குப் பின்னால் ஆளும் வந்தார்கள். பிறகு ஒரு உயரமான கறுப்புத் தொப்பி மட்டும் தனியாக வந்தது. யூலியா அதை எடுத்துப் பத்திரமாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதற்குரிய பிஷப்பும் தாடியில் தூசியோடு வந்து, "கர்த்தருக்குத் தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு சாலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

கடலோரக் காவல் அதிகாரியும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பந்தெலிஸ் மட்டும் வரவில்லை. முயன்றார், வயிறு விடவில்லை. முற்றத்தில் அவரும் மிச்சமிருந்த சீஸ் அடையும்தான். கடைசியில் பியானோவின் வால் பக்கம் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டார். முதலில் கோபத்தோடுதான் நின்றார். கச்சேரி முடியும்போது வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "அன்பான பலியோலிமனி மக்களே..."

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூட்டம் லியாண்ட்ரோஸைப் பார்த்துக் கத்தியது. மேயரும் பேச்சை விட்டுவிட்டு, "சரி, இன்னொண்ணு வாசிங்க" என்றார்.

அன்று மேயரைத் தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து மதில் மேலாக இறக்கினார்கள். தொலைக்காட்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள் ஏதென்ஸிலிருந்து வந்த ஆட்கள் பியானோவுக்கு முட்டுக் கொடுத்து, காலைக் கழற்றி, ஒரு காபி குடிக்கிற நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். பியானோவின் ஓரத்தில் கீறல், கல்லில் ஒன்றுமில்லை. யூலியா விளக்கு அடித்துப் பார்த்துத் திருப்தியானாள்.

மின்கம்பியைப் பிடுங்கியதற்காக வேலை போகும் என்று அரெத்தி காத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து மேயர் இசைப் பள்ளிக்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க டீச்சர். என் பேச்சு அவ்வளவு மோசமா?" என்றார்.

"ஆமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எங்க வீட்டுலயும் அதான் சொல்றாங்க" என்றார். அடுத்த கோடை விழாவுக்கு நகரசபை ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் புதிய வகுப்புகள் தொடங்கியபோது திமியோஸ் வந்து நின்றான். மகளைச் சேர்க்க வந்திருக்கிறான் என்று நினைத்து அரெத்தி குழந்தையின் பெயரைக் கேட்டாள்.

"குழந்தை இல்ல டீச்சர், நான்தான்" என்று அவன் தன் கைகளைக் காட்டினான். ஒவ்வொரு விரலும் ஒரு வெள்ளரிக்காய். "ஒரே சமயத்துல ரெண்டு கட்டை அமுங்கும்னு நெனைக்கிறேன். பரவாயில்லயா?"

அரெத்தி பியானோவின் மூடியைத் திறந்து அவனை உட்காரச் சொன்னாள்.