லேன்டர்ன்ஸ் நிறுத்திய இடம்

லண்டனிலிருந்து வந்த இசைத்தட்டைப் பிரிக்கும் முன்பு நவநீதகிருஷ்ணன் கை கழுவிக்கொண்டார். பிறகு, தம் பேண்டேஜ் துணி ஆலையிலிருந்தே கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியால் விரல் விரலாகத் துடைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தச் சின்னக் கல்யாண மண்டப மேடையில் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த எட்வினுக்கு, ஏதோ ஆபரேஷன் நடக்கப்போவதாகத் தோன்றியது. மாலையில் விழா. 'கிரே லேன்டர்ன்ஸ்' என்ற பழைய இங்கிலாந்து ராக் குழுவின் தலைசிறந்த பாடல்கள் அடங்கிய தொகுப்பு மறுவெளியீடு கண்டிருக்கிறது. அதை இந்த வட்டாரத்துக்கு அறிமுகப்படுத்தும் விழா. அழைப்பிதழில் நவநீதகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் 'உலக இசை ஆய்வாளர்' என்று இருந்தது. அழைப்பிதழுக்கு வாசகம் எழுதியவரும் அவரே.

லேன்டர்ன்ஸ் ராஜபாளையத்துக்கு முதலில் வந்தது கேசட்டாகத்தான். எட்வின் கல்லூரியில் படித்த காலத்தில், பஜாரில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த ராக்கப்பன், யாரிடமோ இரவல் வாங்கிய இசைத்தட்டிலிருந்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். அதன் கடைசிப் பாட்டில் கிடார் படிப்படியாக மேலே ஏறும். உச்சியில், பாடகன் ஒரு வரியின் பாதியில் இருக்கும்போது, எல்லாம் சட்டென்று நின்றுவிடும். எட்வினுக்கு முதல் தடவை கேட்டபோது மாடிப்படி முடிந்துபோனது தெரியாமல் காலை வைத்ததுபோல் இருந்தது. பிறகு நகல், நகலுக்கு நகல் என்று அந்தக் கேசட் கான்சாபுரம் வரைக்கும் போயிற்று. எட்வின் 'சவுண்ட் வேவ்ஸ்' குழுவைத் தொடங்கினார். மில் ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி, எங்கே வாசித்தாலும் அதுவே கடைசிப் பாட்டு. அந்த இடம் வந்ததும் கிடாரும் டிரம்மும் கீபோர்டும் ஒரே வெட்டில் நிற்கும். சனம் திகைத்து, மூச்சு விட்டு, அதன்பின் கைதட்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் தடுமாறாமல் இறங்குகிற வித்தை அது.

வித்தை எட்வினுடையது; விளக்கம் நவநீதகிருஷ்ணனுடையது. 'முடிவை மறுக்கும் முடிவு' என்று ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்திய மனம் மௌனத்தைத் தொட்ட தருணம் என்று கூட்டங்களில் பேசினார். பிளவக்கல் அணையைப் பார்க்க வந்த ஒரு பேராசிரியரை, அணையைப் பார்க்க விடாமல், அதைப் பற்றியே பேசி அனுப்பினார். போனில் பாட்டுக் கேட்பவர்களை அவர் மதிப்பதில்லை. "ரசத்த ஸ்ட்ரா போட்டா குடிப்பாக?" என்பார். எட்வினுக்கும், மனப்பாடமான பாட்டைப் போனில் தேட ஒரு காரணமும் தோன்றியதில்லை.

ஊசி இறங்கியது. சோதனைக்காகக் கடைசிப் பாட்டைத்தான் வைத்தார். கிடார் ஏறியது. அந்த இடம் நெருங்கவும் நவநீதகிருஷ்ணன் கண்ணை மூடி ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

பாட்டு நிற்கவில்லை. பாடகன் அந்த வரியை முடித்துவிட்டு, சாவகாசமாக அடுத்த வரிக்குப் போனான்.

விரல் மட்டும் மேலேயே நின்றது. "என்னல இது?"

"போய்க்கிட்டே இருக்கான் அண்ணாச்சி" என்றார் டிரம்முக்குப் பின்னாலிருந்து பாண்டிச்செல்வம்.

"கம்பெனிக்காரன் சேத்துட்டான். மறுவெளியீடுன்னா ஒரு வால ஒட்டி விப்பான்."

"வாலு இல்ல அண்ணாச்சி" என்றார் பாண்டிச்செல்வம். "அன்னைக்கு நம்ம கேசட்டு தீந்துபோயிருக்கு. ராக்கப்பன் அண்ணன் அம்புட்டுதான் பதிஞ்சிருக்காரு."

நவநீதகிருஷ்ணனின் கை ஊசியை நோக்கிப் போனது.

"கைய எடுங்க" என்றார் எட்வின். நவநீதகிருஷ்ணனின் ஆலை மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுகிறவர் அவர். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. கை விலகியது.

ஏறிய படிகளிலெல்லாம் கிடார் இறங்கி வந்தது. தோற்று இறங்கவில்லை, மேலே எதையோ பார்த்துவிட்டு வீட்டில் சொல்ல வருகிறவனைப்போல, அவசரமும் தயக்கமுமாக வந்தது. எட்வின் தம் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, கடைசிச் சுரம் தேய்ந்து மறையும்வரை நின்றே கேட்டார்.

"எட்வினு" என்றார் நவநீதகிருஷ்ணன், குரலைத் தாழ்த்தி. "கூட்டத்துல அந்த எடம் வந்ததும் நான் ஊசியத் தூக்கிருதேன். நீயும் எப்பவும்போல நிறுத்திரு. யாருக்குத் தெரியப் போகுது?" அவருடைய ஜிப்பாப் பையில் மௌனத்தைப் பற்றிய நீண்ட உரை துருத்திக்கொண்டிருந்தது.

எட்வின் மேடையை விட்டு இறங்கி, அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்த மனைவியிடம் போனார்.

"பியூலா, அந்தப் பாட்டு அங்க முடியல."

"தெரியும்."

"என்னது?"

"போன்ல கேட்டேன். ரொம்ப நாளாச்சு."

"ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதுக்கு? அவன் முடிக்கிறதவிட நீங்க நிறுத்துறது நல்லாருக்கு." கைப்பையின் ஜிப்பை மூடினாள். "அண்ணாச்சி பேச்சுக்காகச் சொல்லல. அவரு பேச ஆரம்பிச்சாலே எனக்குத் தூக்கம் வந்துரும்."

எட்வின் மேடைக்குத் திரும்பினார். அப்படியென்றால் இத்தனை காலமும் வாசித்தது, ஒரு கேசட் தீர்ந்துபோனதையா? இல்லை, அதை அத்தனை அழகாக நிறுத்தக் கற்றது தாமேதான். பியூலா பொய் சொல்லமாட்டாள். இன்றும் நிறுத்தினால் ஊரில் இருக்கிற பெயர் அப்படியே இருக்கும். தொடர்ந்தால், ஒரே ஒரு தடவை கேட்டதை அத்தனை பேருக்கு முன்னால் தடவித் தடவி வாசித்து, இருக்கிற பெயரையும் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இடதுகை விரல்கள் பேண்ட் தையலின் மேல் இறங்கிக்கொண்டிருந்தன, அவரைக் கேட்காமலே.

விழா நடந்தது. நவநீதகிருஷ்ணன் பேசினார், பியூலா சொன்னபடியே கண்ணயர்ந்தாள். இசைத்தட்டு சுழன்றது, அந்த இடத்தில் ஊசி மேலே போனது, ஆய்வாளர் தலையை அசைத்தார், சனமும் அசைத்தது. அடுத்து 'சவுண்ட் வேவ்ஸ்'.

எட்வினின் கிடார் ஏறியது. பியூலா விழித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். உச்சி வந்தது. ஒரே வெட்டில் மூன்றும் நின்றன; முன்னெப்போதும் இவ்வளவு சுத்தமாக நின்றதில்லை. மண்டபத்து மின்விசிறிகளின் சத்தம் கேட்டது.

அந்த மௌனத்துக்குள் எட்வினின் விரல் அடுத்த கம்பியைத் தொட்டது. ஒரு சுரம், கொஞ்சம் பிசகியது. திருத்திக்கொண்டு, இன்னொன்று.

"ஏலே, எங்கல போற?" என்று பாண்டிச்செல்வம் கிசுகிசுத்தார். ஆனால் குச்சிகளைத் தாழ்த்தி, இருட்டில் வழி காட்டுகிறவரைப்போல மெல்லத் தட்டத் தொடங்கிவிட்டார்.

முன்வரிசையில், எப்போதும் முதல் ஆளாகத் தட்டுவதற்கு உயர்ந்த நவநீதகிருஷ்ணனின் இரண்டு கைகளும், ஒரு முழ இடைவெளியில், துணி அளந்து காட்டுகிறவருடையதைப்போல அப்படியே நின்றன.