கறையில்லாத பேட்

பேட் வாங்குவதற்காக விளையாட்டுச் சாமான் கடைக்குள் போன தொடக்க ஆட்டக்காரர் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். உள்ளே போகும்போது அவருக்கு இருபத்தாறு வயது, வெளியே வந்தபோதும் இருபத்தாறுதான். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கடைத்தெருவே பார்த்த விஷயம். அவர் மனைவி, தையல்காரி, அன்றைக்கு ஏழு மாத வயிற்றோடு கூட வந்திருந்தாள். "நீ இப்படி உக்காரு, ரெண்டு நிமிஷம், வந்துடறேன்" என்று பஸ் ஸ்டாப் பெஞ்சைக் காட்டிவிட்டு அவர் படியேறினார். அந்த இரண்டு நிமிஷத்தை அப்படியே நம்புகிற அளவுக்கு அவளும் அப்போது சின்னவள்.

அதுவரை அவர் இரவல் பேட்டில்தான் ஆடியிருந்தார். முதல்முதலாகச் சொந்தமாக ஒன்று வாங்குவதால் அதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தார், இதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது. கடைக்காரர் டீ வரவழைத்து மேஜைமேல் வைத்துவிட்டு முதல் பேட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் நடுமுகத்தில், பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி, பழுப்பாக ஒரு கறை. "மரம் வளரும்போதே விழுந்ததுங்க. பாக்கத்தான் அப்படி, அடிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். ஆட்டக்காரர் அதைத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். அடுத்ததில் ஓரமாக ஒரு சின்னக் கணு. அதற்கடுத்தது பாதி வெள்ளை, பாதி சிவப்பு. இன்னொன்றில் மரத்தின் ரேகைகள் கோணலாக ஓடின. சுத்தமான மரம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்ததிலும், டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து அவர் பார்க்கப் பார்க்க, ஒரு புள்ளி மெதுவாக மேலே வந்தது. முன்பே இருந்த புள்ளியா, அவர் பார்த்ததால் வந்த புள்ளியா என்பது கடைக்காரருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு பந்தை எடுத்துத் தட்டிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் எவனோ ஒருவன் கண்ணாடி அலமாரியை உடைத்ததிலிருந்து அந்தக் கடையில் 'உள்ளே பந்து தட்டக் கூடாது' என்று போர்டு மாட்டியிருந்தது. அதனால் அங்கே எல்லோரும் கண்ணால் பார்த்துத்தான் பேட் எடுத்தார்கள்.

இருட்டியது. அவர் வரவில்லை. கடையடைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், "இதோ, இந்த ஒண்ணு மட்டும்" என்றார். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது அதே இடத்தில் அதே வாக்கில் நின்றுகொண்டிருந்தார், மேஜைமேல் டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டும் நேரம் நகரவில்லை என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அணிக்காரர்கள் வந்து குண்டுக்கட்டாகத் தூக்கப் பார்த்தார்கள். கடையே பெயர்ந்து கூட வரும் போலிருந்ததால் விட்டுவிட்டார்கள். அவர் இடத்தில் வேறு ஆளைப் போட மனசு வராமல் பத்துப் பேராகவே ஆடினார்கள். டீயைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. விரல் வைத்துப் பார்த்தவர்கள் சுட்டுக்கொண்டு, விரலை ஊதிக்கொண்டே போனார்கள்.

கடைக்காரருக்கு நஷ்டமில்லை. ஆட்டக்காரர் தள்ளி வைத்த பேட்டுகள் ஆளுயரத்துக்குக் குவிந்தன. அவற்றை மலிவாக வாங்கிப் போனவர்கள் எல்லோரும் வெளுத்து வாங்கினார்கள். கொஞ்ச நாளில் 'அவர் தள்ளினது இருக்கா' என்று கேட்டு வாங்குவதே வழக்கமாகி, கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டினார். முதலில் தள்ளிய பட்டாம்பூச்சிக் கறை பேட் மட்டும் குவியலின் அடியில் அப்படியே கிடந்தது.

தையல்காரி முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் திட்டினாள், அப்புறம் பழகிவிட்டது. மாலையில் மெஷினை மூடிவிட்டுக் கடைக்குப் போய், அன்றைய சேதியை அவர் முதுகிடம் சொல்லிவிட்டு வருவாள். பெண் பிறந்திருக்கிறாள் என்று சொன்னபோதும் தலை நிமிராமல், "நல்லது. ரெண்டு நிமிஷம், வந்துடறேன்" என்றார். அந்தப் பெண்ணை மட்டும் அவள் ஒருநாளும் கடைக்குக் கூட்டிப்போனதில்லை. குழந்தையின் இடது கன்னத்தில், காதிலிருந்து தாடைவரை, டீ சிந்தின மாதிரி ஒரு மச்சம். பெற்றவள் கண்ணுக்கு அது குறையாகவே படவில்லை. ஆனால் அவர் பேட்டைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும். இந்த முகத்தையும் அதே மாதிரி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுவாரோ என்று பயந்தாள். ஊர் என்ன சொன்னாலும் தாங்குவாள், அந்த மனுஷன் வாயிலிருந்து அது வரக் கூடாது.

மகள் வளர்ந்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "பேட் எடுத்துட்டிருக்கார்" என்று சாதாரணமாகச் சொல்வாள். ரத்தம் சும்மா விடுமா, அவளும் கல்லூரி அணியின் தொடக்க ஆட்டக்காரி ஆனாள். இரவல் பேட்டில் ஆடினது போதும் என்று தோன்றிய ஒரு நாள், அந்தக் கடைக்குக் கிளம்பினாள். வேறு கடைக்குப் போகலாம் என்று அம்மா மன்றாடினாள்.

"அவர் என்னைப் பாத்தா என்ன சொல்வாரோன்னு பயமா?" என்றாள் மகள். "நான் பேட் வாங்கப் போறேம்மா. சர்டிபிகேட் வாங்க இல்ல."

தையல்காரி பின்னாலேயே ஓடினாள். கடை வாசலுக்கு வந்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மகள் குவியலைச் சரித்து, அடியில் கிடந்த பேட்டை உருவினாள். கறையை ஒரு தரம் கையால் தடவினாள். போர்டை நிதானமாகப் படித்தாள். பையிலிருந்து பந்தை எடுத்து, அந்தக் கறைமேலேயே ஒரு தட்டு தட்டினாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கடைத்தெரு இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசும். பெரிய சத்தமில்லை. உருண்டையாக, ஆழமாக, கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி ஒரே ஒரு டொக். அலமாரிக் கண்ணாடிகள் உடையவில்லை, சன்னமாகப் பாடின. எதிர்க்கடை முடிதிருத்துபவரின் கத்தரி பாதியில் நின்றது. புறப்பட இருந்த பஸ் புறப்படாமல் காத்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஆட்டக்காரர் தலை நிமிர்ந்தார்.

பேட்டைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். டியூப் லைட் நேராக அந்தக் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. படியில் நின்றவளுக்கு உயிரே போய்விட்டது. அவர் அந்த முகத்தைச் சாய்த்துப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை தட்டு" என்றார். அவள் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் அடங்கிய பிறகும் மூடியே வைத்திருந்தார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நீ எப்ப பொறந்தே?" என்றார்.

"நீங்க டீ குடிக்கறதுக்குள்ள" என்றாள் மகள்.

அவர் தன் கையிலிருந்த பேட்டைப் பார்க்காமலேயே மேஜைமேல் வைத்துவிட்டு, டீயை ஒரே மூச்சில் குடித்தார். வெளியே வந்து படியில் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு மூக்குக் கண்ணாடி வந்திருந்தது, முன்முடி நரைத்திருந்தது. அவள் சட்டென்று கையால் நரையை மறைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சா?"

பதினெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு ஒரு மூட்டை இருந்தது அவளிடம். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"இல்லங்க" என்றாள். "ரெண்டு நிமிஷம்தான்."

மூன்று பேரும் அதே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அணியில் அவர் இடம் காலியாகத்தான் இருந்தது, போய் நின்றார். தொந்தி போட்டிருந்த சகாக்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மகளின் பேட்டை இரவல் வாங்கித்தான் ஆடினார்.

அவர் கடைசியாகக் கீழே வைத்த பேட்டைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒரு புள்ளிகூட இல்லை. பால் மாதிரி வெள்ளை, நூல் பிடித்தாற்போல் ரேகை. அவர் தள்ளாத பேட் என்பதால் அதை இதுவரை யாரும் வாங்கவில்லை, இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அன்றைக்குக் கடைக்காரர் போர்டைக் கழற்றிவிட்டு, மேஜைமேல் இருந்த காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.