ஏலிச் சேடத்தி பாலிசி எழுதும் விதம்

என் மனைவி ஏலியாம்மா, பாலிசி எழுதப் போகும் வீட்டில் முதலில் சாப்பிடுவாள். பிறகுதான் பேச்சு.

"பசியோட இருக்கிறவன் மறைப்பான், இச்சாயா. வயிறு நிறைஞ்சா தன் மூட்டு வலியையும் சொல்லுவான், மாமனாரோட மூல வியாதியையும் சொல்லுவான்" என்பாள். இச்சாயா என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான்.

கேரளத்தில் பாலாவிலிருந்து ஈராற்றுப்பேட்டை வரை அவளை எல்லோரும் ஏலிச் சேடத்தி, அதாவது ஏலி அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் போட்டோ ஸ்டூடியோவை மொபைல் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்ட பிறகு அவளுக்கு நான்தான் டிரைவர். சம்பளம் கிடையாது. போகிற வீட்டில் எனக்கும் ஒரு தட்டு வைப்பார்கள், அதுதான் வரும்படி. அந்த வரும்படியை நான் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை.

இன்சூரன்ஸுக்கு வருவதற்கு முன் ஏலி கல்யாணத் தரகு பார்த்தாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதி அவள் முடித்து வைத்ததுதான். பெண்ணின் போட்டோ எடுக்க என் ஸ்டூடியோவுக்குத்தான் கூட்டி வருவாள். அப்படி வந்து போன ஏலியையே நான் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. தரகுத் தொழில் கெட்டது ஒரு நிச்சயதார்த்தத்தில். மாப்பிள்ளைப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கி இருந்தது. அதை மாப்பிள்ளையின் அம்மா ஏலியிடமே மறைத்திருந்தார். நிச்சயத்தன்று காலையில்தான் காதில் விழுந்தது. "வாய மூடிட்டு இருந்தா ரெண்டு பங்கு கமிஷன்" என்றார் அந்தம்மா. ஏலி நேராகப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பந்தலில் ஒரே களேபரம். கடைசியில் அந்தப் பெண்தான், "சொல்லிட்டீங்கல்ல, அது போதும். எனக்கு அவரப் பிடிச்சிருக்கு" என்று எழுந்து நின்றாள். கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஏலியை ஒரு வீட்டுக்காரரும் தரகுக்குக் கூப்பிடவில்லை.

பெண்ணின் தாய்மாமன் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். அவர்தான் சொன்னார்: "சேடத்தி, வியாதிய மறைக்காமச் சொல்ற ஆளுக்கு ஏத்த தொழில் ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

நாற்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதித் தேறினாள். ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்றாள். எல்லாக் கம்பெனிகளின் பாலிசிகளையும் எழுதும் உரிமை வாங்கினாள். ஒரு கம்பெனியின் மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வீடு தேடி வந்து, எங்களுடையதை மட்டும் விற்றால் கணவன் மனைவி இருவரையும் சிங்கப்பூர் கூட்டிப் போவோம் என்றார்.

"எனக்கு வாழைக்குளம் பஸ்ஸுலயே வாந்தி வரும் சார்" என்று அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். எனக்குச் சிங்கப்பூர் போக ஆசைதான். என்னை யார் கேட்டது?

புது பைக் வாங்கிய பையன் ஒருவன் பெரிய பாலிசி கேட்டு வந்தபோது, "முதல்ல ஹெல்மெட் வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பினாள். அவன் ஹெல்மெட்டோடு வந்தான். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் போனில் விசாரிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கட்லெட் கட்டிக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அவராச்சன் வந்தது போன வருஷம் பலாப்பழக் காலத்தில். ரப்பர் தோட்டக்காரர். ஐம்பது தாண்டியும் எங்கள் ஊர் வடம் இழுக்கும் போட்டிக் குழுவுக்குக் கேப்டன். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. தனக்கும் மனைவி ரோசக்குட்டிக்கும் சேர்த்து ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி வேண்டும் என்றார். ரப்பர் ஷீட் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, ஏலியைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது; குரல் அப்படி.

"சேடத்தி, எனக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திர போடறேன். ரோசக்குட்டிக்குத் தெரியக்கூடாது."

"ஏன் அவராச்சா?"

"அவ குடும்பத்துல எல்லாருக்கும் சர்க்கரை. அவ அண்ணன நான் இருபது வருஷமா மருந்துப் பெட்டின்னுதான் கூப்பிடறேன். இப்ப நான் போய் எப்படிச் சொல்றது? மானம் போயிடும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ரோசக்குட்டி ஏலியின் கையைப் பிடித்து, மெழுகுவர்த்தி விற்கும் இடத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள். நான் அங்கேதான் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சேடத்தி, எனக்குச் சர்க்கரை வந்துடுச்சு. கோட்டயத்துல காட்டி மாத்திர சாப்பிடறேன். அவருக்குத் தெரிஞ்சா 'நீயும் மருந்துப் பெட்டிதானா'ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. எழுதாம விட்டுடுங்களேன்."

வீட்டுக்கு வரும் வழியில் நானாக ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேருக்கும் தனித்தனி பாலிசி எழுதிடேன். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது."

"எழுதலாம். பாலிசி ரெண்டாயிடும். பாயசம் ஒண்ணாத்தான குடிக்கிறாங்க?" என்றாள். "ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் நோயில்லன்னு காட்டறதுக்காகப் போட்டி போட்டு இனிப்புத் தின்னா, எந்தக் கம்பெனி காப்பாத்தும்?"

"அப்ப நீயே சொல்லிடு."

"என்னை நம்பிச் சொன்னது, இச்சாயா. என் வாயால வராது. நீங்களும் திறக்கக்கூடாது." அவள் என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மரவள்ளிக் கிழங்கு, மீன் குழம்பு, மாட்டிறைச்சி வறுவல், கடைசியில் பலாப்பழப் பாயசம். ஏலி சொன்னதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவராச்சன் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "இன்னும் ஊத்து, எனக்கென்ன மருந்துப் பெட்டி உடம்பா?" என்றார். ரோசக்குட்டி அவருக்கு ஊற்றிவிட்டுத் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி வீரமும் ஒரே மாதிரி பயமும். நான் மூன்று கிண்ணம் குடித்தேன். எனக்குப் பயம் எதுவும் இல்லை.

மேசையைத் துடைத்ததும் ஏலி பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினை எடுத்தாள்.

"இப்பல்லாம் பாலிசிக்கு முன்னாடி இதப் பாத்துடறது நல்லது. யாரும் பயப்பட வேண்டாம், முதல்ல நானே பாத்துக்கறேன்" என்று தன் விரலைக் குத்திக்கொண்டாள். நூற்று இருபத்தெட்டு. "இச்சாயா, கைய நீட்டுங்க. அடுத்தது நீங்க."

அவள் திட்டம் அவ்வளவுதான். நாங்கள் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டால் அவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போகும் என்று நினைத்திருக்கிறாள். நான் பெரிய தியாகி மாதிரி விரலை நீட்டினேன்.

முந்நூற்றுப் பதினெட்டு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

ஏலி கையைக் கழுவிவரச் சொல்லி, வேறு விரலில் குத்தினாள். முந்நூற்று இருபத்தொன்று.

என் அப்பாவுக்கு இந்த நோயில்தான் கால் விரல் போயிற்று. ஏலி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் நோயெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் அந்த முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

என் நிலைமையைப் பார்த்து அவராச்சனுக்கு மனசு பொறுக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் அந்த உலக்கைக் கையைப் போட்டார்.

"அட, இதுக்குப் போய் ஏன் தொம்மிச்சா முகம் கோணற? இது ஒண்ணுமே இல்லய்யா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு மாத்திர. நான் ஆறு வருஷமாப் போட்டுட்டு வடம் இழுக்கலியா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தோளிலிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆறு வருஷமா?" என்றாள் ரோசக்குட்டி.

"அது... ஒரு பேச்சுக்கு..."

"மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?"

"ஜீப்புல. ஸ்பானர் டப்பாவுல."

ரோசக்குட்டி விருட்டென்று உள்ளே போனாள். அவராச்சன் கண்ணை மூடிக்கொண்டார். பாத்திரம் எதுவும் பறந்து வரவில்லை. அரிசி டின்னுக்குள் கையை விட்டு அவள் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்து மேசையில் அடித்து வைத்தாள்.

"இது என்னோடது. நாலு வருஷம்."

அவராச்சன் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடியே, இதே மாத்திரதான் எனக்கும்!"

"எங்க அண்ணன மருந்துப் பெட்டின்னீங்களே! ஒவ்வொரு ஓணத்துக்கும் சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்புதான்."

"இப்ப நீங்க யாரு?"

"மருந்துக் கடை" என்றார் அவராச்சன் பரிதாபமாக.

முதலில் சிரித்தது ரோசக்குட்டிதான். பிறகு நானும் சிரித்தேன், முந்நூற்றுப் பதினெட்டை வைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரோசக்குட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"கோட்டயத்துல டாக்டர் ரூம் வாசல்ல தனியா உக்காந்திருப்பேன். எல்லாரும் புருஷனோட வந்திருப்பாங்க."

"நான் காஞ்சிரப்பள்ளியில அதே மாதிரி உக்காந்திருந்தேன்டி" என்றார் அவராச்சன். "உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணல."

அதற்குப் பிறகுதான் ஏலி பேனாவைத் திறந்தாள். இருவரும் ஒருவர் சொல்ல மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுத்தார்கள். அவராச்சனின் குறட்டையைக்கூட ரோசக்குட்டி எழுதச் சொன்னாள். அதற்கு இடமில்லை என்று ஏலி சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் கேட்ட கம்பெனி அவராச்சனை வேண்டாம் என்றது. இரண்டாவது, ரோசக்குட்டியை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஏலி விடவில்லை. மூன்றாவது கம்பெனி இருவரையும் சேர்த்தது. தவணை கொஞ்சம் கூடுதல், சர்க்கரையால் வரும் வைத்தியத்துக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அவராச்சன் முணுமுணுத்தார்.

"பக்கத்து ஊர் ஏஜண்ட் ஒருத்தன் கம்மியா எழுதித் தரேங்கறான், சேடத்தி. கேள்வியே கேக்கல."

"இப்பக் கேள்வி கேக்கலைன்னா, ஆஸ்பத்திரியில கேப்பாங்க அவராச்சா. வலியோட படுத்துக்கிட்டுப் பதில் சொல்லுவீங்களா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மழை பிடித்த பிறகு ஒருநாள், மங்குஸ்தான் பறிக்க மரத்தில் ஏறி, வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார் அவராச்சன். ஆபரேஷன், உள்ளே கம்பி. ஏலி கட்லெட்டோடு போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் சர்க்கரை என்று பார்த்ததும் கம்பெனியின் டாக்டர் ஏலிக்குப் போன் செய்தார். ஏலி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இவருக்குச் சர்க்கரை இருக்கிறத முன்னாடியே சொல்லியிருக்காரா மேடம்?"

"எத்தன வருஷம், என்ன மாத்திர, எல்லாம் பாலிசி எடுத்த அன்னிக்கே உங்ககிட்ட வந்தாச்சு சார். பாத்துட்டுச் சொல்லுங்க. கால் உடஞ்சது மரத்தால, சர்க்கரையால இல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு. அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. அனுமதி அனுப்பிடறோம்."

கட்டிலில் கிடந்த அவராச்சன், "அவ்வளவுதானா?" என்றார், ஏதோ சண்டையை எதிர்பார்த்து ஏமாந்தவர் போல. பில் கட்டும் இடத்துக்குப் போன ரோசக்குட்டி, பணம் எடுத்துப் போன பையைத் திறக்காமலே திரும்பி வந்தாள்.

நாங்கள் கிளம்பும்போது மழை கொட்டியது. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் ஒதுங்கினோம். ஏலி இரண்டு காப்பி சொன்னாள், இரண்டிலும் சர்க்கரை வேண்டாம் என்று. நான் கடுப்போடு குடித்தேன்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டேன்" என்றாள் திடீரென்று. "உங்கள மட்டும் கேக்கல. தாகம் எடுக்குது, அசதியா இருக்குன்னு நீங்க சொன்னப்ப, வண்டி ஓட்டற அசதின்னு விட்டுட்டேன்."

"நீ கேட்டிருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன், ஏலி."

"தெரியும். அதுக்காகக் கேக்காம இருக்கலாமா?"

அவளுடைய கட்லெட் டப்பாவில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். மழை சற்று ஓய்ந்ததும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழக்கமாகப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்பவள், அன்று இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.