முப்பத்து மூன்றில் ஓடிய அமலி

அமலி வெங்காயம் உரித்துக்கொண்டே கூடத்தில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு வெங்காயம் காரணம், பல்லைக் கடித்ததற்குப் புருஷன் காரணம்.

சென்னையிலிருந்து ஆஸிம் கையோடு இசைத்தட்டு ஓட்டும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவது அவன் தொழில். அவள் புருஷன் ஜேசுராஜும் கூட்டாளிகளும் 1978ஆம் வருஷம் நடவுப் பாட்டையும் ராக் இசையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, ‘நாற்றங்கால்’ என்று ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள். திருவாரூர் தாண்டி அதை ஒரு ஈ காக்கை கேட்டதில்லை. இப்போது ஆஸிம் அதை இணையத்தில் ஏற்ற, ஜெர்மனியில் யாரோ கேட்டுவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாராம்.

“அந்தக் குரல் இருக்கே சார்! பூமிக்கு அடியிலேர்ந்து வர்ற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல். பாடினவர் பேரை எங்கயுமே போடல. நீங்கதானா?”

ஜேசுராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அப்ப வயசு அப்படி தம்பி” என்றார்.

அமலிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாடியது அவள். அப்பாவின் வயலில் நடவுப் பெண்களோடு நின்று கற்ற பாட்டு. வீட்டுக்குத் தெரியாமல் இருபது வயதில் போய்ப் பாடிவிட்டு வந்தாள். இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் லேபிளை ஜேசுராஜ் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தார். அச்சகக்காரருக்குத் தெரிந்தது பத்திரிகைதான். மேலே சிலுவை, கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று ஜேசுராஜின் பெரியப்பா, தாய்மாமன், பங்குச்சாமியார் பெயர்கள். குமரிப் பெண்ணின் பெயரை அடித்தால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று அமலியை மட்டும் விட்டுவிட்டார்கள். கடைசியில் அந்த மாப்பிள்ளையாக வந்து வாய்த்ததும் இந்த மகானுபாவர்தான்.

அதோடு விட்டாரா அச்சகக்காரர்? ஜேசுராஜ் மாதிரிக்குக் கொண்டுபோன சினிமா இசைத்தட்டில் வேகம் நிமிஷத்துக்கு 33 சுற்று என்று இருந்தது. அச்சகக்காரர் அதையும் அப்படியே அடித்தார். இவர்கள் தட்டு ஓட வேண்டியதோ 45இல். தட்டு மெதுவாக ஓடியதில் குரல் தடித்து, அன்றிலிருந்து அமலி ஆம்பளையானாள். நடவின் குலவைச் சத்தம் இழுபட்டு ஒப்பாரியாகிவிட, மைக் செட் ஜாஃபர் சாதிக் அதைச் சாவு வீடுகளில் போட ஆரம்பித்தார்.

“இது என் குரல் இல்ல, வேகமா ஓட்டிப் பாருங்க” என்று அமலி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மிஷின் கெட்டுவிடும் என்றார் ஜாஃபர் சாதிக். அச்சில் வந்தது எப்படித் தப்பாகும் என்றார் ஜேசுராஜ். சுருதி இறங்கிய தன் கிட்டாரைக் கேட்டு, “எவ்வளவு கனமா வாசிச்சிருக்கேன் பாத்தியா” என்று வேறு பூரித்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் பாட்டுக்காக அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அவரும் வாங்கிக்கொள்வார்.

இன்றும் வாங்கிக்கொண்டிருந்தார். புது அட்டையில் ‘பாடியவர்: ஜேசுராஜ்’ என்று போடட்டுமா என ஆஸிம் கேட்டான். அமலி வெங்காயக் கத்தியோடு கூடத்துக்கு வந்தாள்.

“தம்பி, இந்த மிஷின்ல வேகத்தை மாத்தலாமா?”

ஆஸிம் கத்தியைப் பார்த்தான், உடனே தட்டைப் போட்டு 45 என்ற பொத்தானை அழுத்தினான்.

குலவை வீடு முழுக்கச் சிதறியது. நாகஸ்வரமும் கிட்டாரும் ஒன்றை ஒன்று துரத்த, நடுவே இருபது வயதுப் பெண் ஒருத்தி வரப்பில் ஓடுகிற வேகத்தில் பாடினாள். கணீரென்று, யாருக்கும் பயப்படாமல். ஜேசுராஜ் நாற்காலியில் சுருங்கிக்கொண்டார்.

“யாரும்மா இது?”

“நான்தான்.”

ஆஸிம் அமலியின் நரைத்த தலையையும் பாடும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பவில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. “கோச்சுக்காதீங்கம்மா. ஒரு வரி பாடுங்களேன்” என்று தட்டை நிறுத்தினான்.

அமலி பாடினாள். பாட்டு மறக்கவில்லை, ஆனால் குரல் ஏறவில்லை. அது கீழே இறங்கி, இழுத்து, கரகரத்து வந்தது. இத்தனை வருஷமும் எந்தக் குரலைத் தன்னுடையது இல்லை என்று சண்டை போட்டாளோ, அதே குரல். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அம்மா, அதே குரல்!” ஆஸிம் எழுந்தே நின்றுவிட்டான். “ஜெர்மன்காரங்க கேட்ட குரல் இதுதான்!”

ஜேசுராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவ பேரையே போட்டுடுங்க தம்பி” என்றார்.

“எதை வெளியிடலாம்மா? வேகமா ஓடுறதா, மெதுவா ஓடுறதா?”

அமலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டையும் போடுங்க. ரெண்டுலயும் என் பேரைப் போடுங்க. வேகமா ஓடுறது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த அமலி. மெதுவா ஓடுறது, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம்.”