ஏற்றத்தில் வந்த ஆடி அமாவாசை

முதல் ஏற்றத்தின் உச்சியில் இருந்த வாங்கில் உட்கார்ந்த பிறகும் அண்ணை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. கஜரூபன் அதைக் கவனித்தான், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஜயரத்தினம் அண்ணைக்குச் சைக்கிள் ஓட்டம் என்பது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் வருகிற ஒரு சங்கதி. ஜெர்மனியில் அவர்கள் இருக்கும் எர்லாங்கனில் ரயில் ஏறும்போதே பையைத் தடவிப் பார்ப்பார். ஃபோர்க்ஹைமில் இறங்கி நாலு மிதி மிதித்ததும் 'ஒரு கடி கடிச்சிட்டுப் போவமோ' என்பார். அப்படிப்பட்ட மனுசன் இன்றைக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செர்ரி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழம் பறித்து முடிந்த தோட்டம். நீள ஏணிகள் மரங்களில் சாய்ந்தபடியே கிடந்தன.

"பசிக்கேல்லையோ அண்ணை?"

"பிறகு பாப்பம்," என்றார் அண்ணை. "வெயில் ஏற முன்னம் அங்கால போயிடுவம்."

வேலை நாளில் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு இப்படி மலை ஏற வந்ததற்குக் காரணம் கஜரூபன்தான். அன்றைக்கு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருந்து, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, மத்தியானத்துக்குப் பிறகு வாய் நனைக்கிற நாள். தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள் அன்றைக்கு விரதம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது தகப்பனுக்கு ஆகாது என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவர்களுடைய அப்பா இருக்கிறாரா இல்லையா என்று சொல்லத்தான் உலகத்தில் ஆளில்லை.

மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த கிழமை, சனத்தோடு சனமாகத் தண்ணீருக்குள் இறங்கி வந்தபோது அப்பா பின்னால் வந்தார் என்று அம்மா சொல்கிறாள். கரை ஏறித் திரும்பிப் பார்க்கையில் பின்னால் வேறு யாரோ நின்றார்களாம். அம்மா இப்போது வவுனியா முகாமில் ஒரு கூடாரத்துக்குள் இருக்கிறாள். கஜரூபன் தொழிற்சாலையில் இடைவேளை கிடைத்தால் போதும், எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் அடிப்பான். காயப்பட்ட கிழவர் ஒருவர் பெயர் சொல்லத் தெரியாமல் கிடக்கிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு இரண்டு நாள் நித்திரை வராது. பிறகு அது வேறு யாருடைய தகப்பனாகவோ இருக்கும். பார்க்காமல் கொள்ளாமல் அந்தக் கிழவர்மேல் அவனுக்குக் கோபம் வரும். பிறகு அந்தக் கோபத்துக்காக வெட்கப்படுவான்.

போன மாதம் பேசியபோது அம்மா ஒரு கதை சொன்னாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி இன்னும் ஏன் பொட்டு வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாளாம். அவளை நல்லாய்த் திட்டி அனுப்பிவிட்டாளாம் அம்மா. 'அந்த மனுசன் வந்து நிண்டு, ஏன் அழிச்சனி எண்டு கேட்டா உவளோ பதில் சொல்லுவாள்?' அதைக் கேட்டதிலிருந்து கஜரூபனுக்கு ஒரே பிடிவாதம். பிள்ளைகள் விரதம் பிடித்தால் அம்மாவின் பொட்டை இவர்களே தொட்டு அழித்த மாதிரி. அண்ணை மெல்லிய மனம் கொண்டவர். வீட்டில் இருந்தால் நூர்ன்பெர்க் கோயில் பக்கம் கால் போனாலும் போகும். ஆகவே ஆளைக் கிளப்பிக்கொண்டு மலைக்குள் வந்துவிட வேண்டும் என்று நினைத்தான். கோடை முடிவில் இத்தாலிக்குப் போய் அந்த மலைகளில் சைக்கிள் ஓடுவதாக இரண்டு பேரும் போன வருடமே முடிவு செய்திருந்தார்கள். மே மாதத்தோடு அந்தக் கதை நின்றுபோயிற்று. 'இத்தாலி இல்லாட்டி எங்கட மலையிலயாவது ஓடுவம்' என்று இவன் சொன்னதும் அண்ணை மறுபேச்சில்லாமல் சரி என்றார். அவ்வளவு லேசாகச் சரி என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போதாததற்கு அவன் ஸ்டேஷனில் இறைச்சி வைத்த பாண் ஒன்றை வாங்கி, அண்ணை பார்க்கிற மாதிரி நின்று தின்றான். சைவக் குடும்பத்தில் ஆடி அமாவாசை அன்று இறைச்சி தின்பது சும்மா ஒரு காரியமில்லை. என் தகப்பன் இருக்கிறார் என்று வாயால் சொல்லாமல் சொல்வது. அண்ணைக்கும் ஒன்று வாங்கப் போனான். வேண்டாம் என்றார். சரி என்று உப்பு ஒட்டிய பிறெற்சல் என்கிற முறுக்குப் பாண் ஒன்றை வாங்கி அவருக்கென்று பையில் போட்டுக்கொண்டான். அண்ணி சந்திரகாந்தி பெட்டியில் மீன் கட்லட் வைத்திருந்ததையும் பார்த்திருந்தான். விரதம் என்றால் அண்ணி மீனைத் தொட்டிருப்பாளா? அவன் மனம் அப்படிக் கணக்குப் போட்டு ஆறுதலடைந்திருந்தது.

இரண்டாவது ஏற்றம் கொஞ்சம் பொல்லாதது. கிராமம் முடிகிற இடத்தில் தொடங்கி, பார்லி வயலுக்கு நடுவே நேராக வானத்துக்கு ஏறுவது போல் போகும். வளைவு இருந்தாலாவது அடுத்த வளைவு வரை என்று மனதை ஏமாற்றலாம். இதில் ஏமாற்ற வழியே இல்லை. முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கஜரூபன் கியரைக் கடைசிப் பல்லுக்கு மாற்றி மிதித்தான். தொடை எரிந்தது. மே மாதத்துக்குப் பிறகு உடம்பில் ஒரு களைப்பு குடியிருந்தது. நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. வேலையிடத்தில் நன்றாய்த்தான் நிற்பான், மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் நின்று, எதற்கு ஏறுகிறேன் என்று யோசிப்பான். இந்த ஏற்றத்திலும் அப்படித்தான் இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஜெர்மன் தம்பதியர் இரண்டு பேர் "குறூஸ் கொட்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவர்களுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

பாதியில் திரும்பிப் பார்த்தான். அண்ணை இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு தள்ளுவதும் நின்றது. சைக்கிளை அப்படியே புல்லில் விழவிட்டுவிட்டுத் தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கஜரூபன் சைக்கிளைத் திருப்பி வந்த வழியே கீழே இறங்கினான்.

அண்ணையின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றி வியர்வை தொட்டால் சில்லென்று இருந்தது. கஜரூபன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான். அண்ணை தலையை ஆட்டினார்.

"தண்ணியுமோ வேண்டாம்?"

"கொஞ்சம் இருந்தாச் சரியாப் போகும்."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

அண்ணை புல்லைப் பிடுங்கினார். அப்போதுதான் கஜரூபனுக்கு விளங்கியது. விரதத்துக்குக் கோயில் எதற்கு, வீடு எதற்கு. சாப்பிடாமல் இருந்தால் போதும். அதை மலையிலும் செய்யலாம், சைக்கிளிலும் செய்யலாம். இவன் காவல் காக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தது அண்ணைக்கு நல்ல வசதியாய்ப் போய்விட்டது.

"விரதமோ?" என்றான்.

அண்ணை சட்டைப் பைக்குள் கைவிட்டு, மடித்த கடதாசிச் சரை ஒன்றை எடுத்துக் காட்டினார். பிரிக்கவில்லை. எள்ளாகத்தான் இருக்கும். "அங்கால இறங்கினா ஆறு வரும். அதில விடலாம் எண்டு நினைச்சன். நீ முன்னுக்குப் போயிருப்பாய். உனக்குத் தெரிய வந்திருக்காது."

"அண்ணிக்கு?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"உங்களுக்கு ஏதும் தகவல் தெரியுமோ? ஆரும் பார்த்ததெண்டு சொன்னவையோ?"

"தெரியாது தம்பி. தெரிஞ்சா லேசு."

கஜரூபனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிறகென்னத்துக்கு? ஒண்டும் தெரியாமல் நீங்களாவே சாக்காட்டுறியளோ? அம்மா அங்க பொட்டோட நிக்கிறா. நீங்கள் இஞ்ச இருந்து அதை அழிக்கிறியள்."

அண்ணை சண்டை பிடிக்கவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"இருந்தா நல்லது. நான் பட்டினி கிடந்ததால அவருக்கு ஒண்டும் வந்திடாது, அப்பிடி வாறதெண்டா அது எனக்கு வரட்டும். ஆனா இல்லையெண்டால்? எல்லாருக்கும் எல்லாரும் தண்ணி விடுகினம். ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையளப் பெத்த மனுசன், அவருக்கு மட்டும் ஒருத்தரும் விடாம வாயைத் திறந்துகொண்டு நிண்டா? கடைசியா என்ன சாப்பிட்டாரோ, ஆருக்குத் தெரியும்."

இவ்வளவு நாளும் கஜரூபன் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தான். அப்பா பசியோடு நிற்கக்கூடும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. காலையில் அண்ணை பார்க்க நின்று தின்ற இறைச்சி நினைவுக்கு வந்தது. அண்ணை சொல்வது சரி என்றும் பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டால் அப்பா செத்துப்போவார் என்றும் பட்டது. அண்ணையின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் அவனுடைய கைபேசி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. அம்மாவின் அழைப்பு அப்படித்தான் வரும். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருக்கும் ஃபோன். அவள் அடித்துவிட்டு வைப்பாள், இவர்கள் திருப்பி எடுக்க வேண்டும். கஜரூபன் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, புல்லில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

"தம்பியோ? வேலையில நிக்கிறியோ?"

"இல்லை அம்மா, லீவு. அண்ணையும் பக்கத்தில இருக்கிறார்."

"நல்லது. இண்டைக்கு இஞ்ச தண்ணி பவுசர் லொறியடியில ஒரே சனம். அமாவாசை எல்லே. கன பேருக்கு இதுதான் முதல் தரம். எள்ளுக்கு எங்க போறது, சும்மா தண்ணியை அள்ளி அள்ளி விடுகுதுகள்." கொஞ்சம் நிறுத்தினாள். பின்னால் குழந்தை ஒன்று அழுதது. "நீங்கள் சாப்பிட்டியளோ?"

அம்மா எப்போதும் கேட்கிற கேள்விதான். இருபது வருடமாக ஜெர்மனிக்கு ஃபோன் எடுக்கும்போதெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் இன்றைக்கு அதற்கு வேறு பதில் இருந்தது. கஜரூபன் அவசரமாக முந்திக்கொண்டான். "ஓம் அம்மா. நான் காலமையே சாப்பிட்டன்."

"அவன்?"

அண்ணை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ விசயத்தில் அம்மாவுக்குப் பொய் சொல்லியிருக்கிறார், முதல் குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையில் படுத்ததைக்கூட நல்ல வீடு என்றுதான் எழுதினார். இந்த ஒன்றைப் பொய்யாய்ச் சொல்ல வாய் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கஜரூபன் பையிலிருந்து பிறெற்சலை எடுத்து, பிய்த்து, அவருடைய கைக்கு முன்னால் நீட்டினான். வற்புறுத்தவில்லை. சும்மா நீட்டியபடி இருந்தான். அண்ணை அந்தத் துண்டைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. வாங்கி வாயில் வைத்துக் கடித்தார்.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் அம்மா," என்றார், நிறைந்த வாயோடு.

லைன் அறுந்துவிட்டதோ என்று கஜரூபன் குனிந்து பார்த்தான். அறுபடவில்லை. அம்மாவின் மூச்சு கேட்டது.

"ரெண்டு பேருமோ?" என்றாள் அம்மா.

சந்தோசப்பட்டுக் கேட்டாளா, கவலைப்பட்டாளா என்று அந்தக் குரலில் பிடிக்க முடியவில்லை. ஒருவராவது, தனக்குத் தெரியாமலாவது, விரதம் இருக்கட்டும் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நினைத்திருந்தாளோ. ஓம் என்று சொல்லலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "சரி ராசா, வைக்கிறன். ஃபோன்காரப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது," என்றாள். லைன் போய்விட்டது.

அண்ணையின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவன் எதையாவது சொன்னால் அதன்படி செய்யலாம் என்ற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கஜரூபன் மிச்சப் பிறெற்சலைப் பைக்குள் வைத்தான்.

அண்ணை குனிந்து அந்த ஈரத் துண்டைக் கைக்குள் துப்பினார். எறியப் போகிறார் என்று கஜரூபன் நினைத்தான். எறியவில்லை. விரல்களை மூடிக்கொண்டு எழுந்தார், ஒரு தள்ளாட்டம், பிறகு நிலைத்து நின்றார். கஜரூபன் இரண்டு சைக்கிளையும் நிமிர்த்தி, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தள்ளத் தொடங்கினான். ஆற்றுக்கு இறங்க இன்னும் பாதி மேடு கிடந்தது. அண்ணை முன்னால் நடந்தார். மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையை வீசி வீசி, மெதுவாக.