வாய் பெருத்த ஜாடி

பக்கத்து வீட்டுத் தால்சு ஓங்கி மிதித்தார். அது உடையவில்லை. துள்ளிப்போய்த் தூணில் மோதி, முற்றத்தில் உருண்டு, மல்லாந்து கிடந்தது. தண்ணீர் மொள்ளும் சிவப்புப் பிளாஸ்டிக் மொகவை.

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டார்கள். பெட்டி வாசலைத் தாண்டும்போது, தண்ணீர் மொள்ளும் காய்ந்த சுரை ஓடு ஒன்று காலடியில் படாரென்று உடைய வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் சாவு பயந்து கூடவே கிளம்பும். மிரியாங் பக்கத்தில் இதில் சமரசம் கிடையாது. ஆனால் சந்தைக்குப் பிளாஸ்டிக் வந்ததும் ஊரே சுரை ஓடுகளை அடுப்பில் வைத்து எரித்திருந்தது. முதலில் எரித்தது யாரென்று கேட்டால், செத்துப்போன பான்சுலின் அக்கா பில்நாம்தான். இப்போது அதிகமாகக் கத்தியதும் அவள்தான்.

"மண்ணுல செஞ்சதா எதையாவது கொண்டாங்கடா!"

அவள் கண் ஜாடி மேடைக்குப் போய், மூலையில் நின்றது.

மேடையில் இருந்தவையெல்லாம் அவள் அம்மா காலத்து ஜாடிகள். இந்தக் கியோங்சாங் சீமை வெயிலில் சோயாச் சாறு வற்றாதிருக்க வாய் சிறுத்தவை, அடக்கமானவை. மூலையில் ஒன்று மட்டும் தோள் விரிந்து, வாய் அகன்று, விருந்துக்கு வந்தவள் உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது. பான்சுலின் மனைவி மேற்கே ஜொல்லாச் சீமையிலிருந்து வந்தபோது கல்யாண மெத்தையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தது. பிறந்த ஊரை வைத்து அவளைக் காங்ஜின்காரி என்பார்கள். அவள் பெயரை யாரும் கேட்டதில்லை.

"அந்தச் சீமையில ஜாடிக்கும் வாய் பெருசு, பொம்பளைக்கும் வாய் பெருசு" என்பது பில்நாமின் பழைய வேடிக்கை. காங்ஜின்காரி வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பான்சுலும் பேசமாட்டார். மூங்கில் தொப்பியை இடப்பக்கம் சாய்த்து மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். சண்டியர் என்று ஊர் சிரிக்கும்.

"அந்தக் குண்டு ஜாடிய உருட்டிட்டு வாங்க" என்றாள் பில்நாம். "அது வந்ததுலேர்ந்தே இந்த வீட்டுக்கு ஆகலே."

சணல் துக்க உடையோடு காங்ஜின்காரி எழுந்துபோய் ஜாடிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணி, உள்ள சாறு இருக்கு."

"கொட்டுடி."

"ஒங்க தம்பி தெனமும் இதுலேர்ந்துதான் ஊத்திக்குவாரு."

"பொய்யி! எங்கம்மா ஜாடிச் சாறு இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது."

"அது ஒங்க முன்னால மட்டும்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

காங்ஜின்காரி மாமியாரின் பெரிய ஜாடியிலிருந்து மூடியை எடுத்தாள். பில்நாம் என்னவென்று யோசிப்பதற்குள் அது நிலைப்படியில் கவிழ்ந்து கிடந்தது.

"மிரியாங் மண்ணு. ஒங்க ஊர்ச் சாவுக்கு அதுதான் புரியும். மிதிங்கண்ணே."

"ஏய்! தால்சு, மிதிச்சே..."

தால்சு பில்நாமைப் பார்த்தார். பெட்டியின் கனத்தில் முகம் சிவந்து நின்றவர்களைப் பார்த்தார். மிதித்தார்.

சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டது.

பாடை மலையேறியது, பெண்கள் வீட்டில் தங்கினார்கள். பாடைக்கு முன்னால் போன மணியின் கடைசி ஓசை தேயும் நேரத்தில் தூறல் விழுந்தது. பில்நாம் ஓடிப்போய்த் தாயின் ஜாடிமேல் பாவாடையை விரித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"பாவி, எங்கம்மா சாறுடி! தண்ணி பட்டா புழு வச்சிரும்!"

காங்ஜின்காரி தன் ஜாடியின் மூடியைக் கழற்றி வந்து, பில்நாமை மெல்ல நகர்த்திவிட்டு அதன்மேல் வைத்தாள். அது அந்தச் சின்ன வாயைத் தாண்டித் தோள்வரை இறங்கி உட்கார்ந்தது.

"பொருந்தலையே."

"மழைக்குத் தெரியாது, அண்ணி."

பில்நாம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையாகவும் இருக்கலாம். "ஒன்னோடது நனையுதேடி" என்றாள்.

காங்ஜின்காரி சுவரில் தொங்கிய மூங்கில் தொப்பியை எடுத்தாள். அகன்ற வாய்க்கு அது கச்சிதமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு திரும்பப் போய், இடப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தாள்.