ரேடியோ வாயை மூடிய நாள்

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. தூக்கத்தில்கூட வாய் ஓயாது. அக்கா நேர்மாறு. ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளோடு குடும்பம் நடத்துகிறவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருப்பாள். போயும் போயும் அவன் நாக்கின் ஓரத்திலா புற்றுநோய் வரவேண்டும்?

வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு கட்டியைக் கொல்லும் மருந்தை ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். நாக்கில் விளக்கைப் பிடித்திருக்கும்போது ஐயா சும்மா கிடந்தாரா? டாக்டருக்கு ஜோக் சொல்லப் போனார். விளக்கு நழுவி, கட்டியில் பாதி தப்பித்தது. மருந்து தோலிலும் தங்கியதால் வாரக்கணக்கில் இருட்டறை வாசம் வேறு. இந்தத் தடவையும் தவறினால் நாக்கை வெட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அதே மருந்து அக்காவின் ஆய்வகத்து நுண்துகள்களில் ஏறி வந்திருந்தது. துகளைப் பற்றி அவளுக்குப் பெரிய பயமில்லை. பயமெல்லாம் தம்பியின் வாயைப் பற்றித்தான்.

சிகிச்சை அறையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததுமே அவன் தொண்டையில் ஒரு “ம்ம்” கிளம்பியது. போச்சுடா!

“நீ பேசாதே, நான் பேசறேன்” என்றாள். “மருந்து தனியாப் போனா உன்னை மாதிரி ஊர் சுத்தும்டா. துகள் மேல ஏத்தி விட்டா முக்காவாசி கட்டிக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். தோலுக்கு அவ்வளவு தொந்தரவு இல்ல.”

கண்ணால் சிரித்தான். அவளும் விடாமல் பேசினாள். துகள் கதை தீர்ந்தது, ஆய்வக வம்பும் தீர்ந்தது. விளக்கு மட்டும் அணைந்தபாடில்லை. என்ன பேசுவது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

“வேலை முடிஞ்சு வரப்போ உன் சத்தம் கேட்டாத்தான்டா எனக்கு அது வீடு. நீ பேசுவேன்னுதான் நான் இத்தனை வருஷமா வாயை மூடிட்டிருந்தேன்.”

அவன் கண்ணோரம் நனைந்தது. நாக்கு அசையவே இல்லை.

சில வாரம் கழித்து டாக்டர் மறுபடியும் சோதித்துப் பார்த்தார். “கட்டி சுத்தமாப் போயிடுச்சு. நாக்குல கை வைக்க வேண்டாம்” என்றார்.

வெளியே வந்தும் தம்பி பேசவில்லை. அக்கா அவன் தோளைத் தட்டினாள்.

“என்னடா, ரேடியோ ரிப்பேரா?”

“அன்னிக்குக் கடைசியா ஒண்ணு சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. அப்புறம் பேசறேன்.”

“போடா” என்றாள் அக்கா. பேருந்து நிறுத்தம்வரை பொறுத்துப் பார்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டாள்.